குச்சிப் பயலின் குதிகாலில் ஒரு கோடு

பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்க கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. வந்தவர்களை எழுந்து போகாமல் காத்திருக்க வைக்கத் தெரிந்தால் போதும். ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அப்போதும் பாதிதான் வந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதிதான், உட்காருங்கள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் முத்தியால்பேட்டையில் பாலு அண்ணன் கடையில் சேர்ந்தேன். அப்போது எல்லாருக்கும் ஒரே பைத்தியம்: எந்த நாட்டுக்காரனோ வரைந்து இன்டர்நெட்டில் விடுகிற குச்சி மனுஷன் தொடர். வட்டத் தலை, கோட்டு உடம்பு, ஓயாத அடிதடி. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் குச்சிப் பயல்.

வில்லன் குரல்

தொடரில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் நின்று நானே குரல் கொடுப்பேன். குச்சிப் பயலுக்குக் காலாப்பட்டு பஸ் கண்டக்டர் குரல்: உதைக்கு முன்னால் "உள்ள போ, உள்ள போ", உதைத்த பிறகு "எறங்கு, எறங்கு". வில்லனுக்கு, சளி கட்டின பாலு அண்ணன் குரல்.

ஒரு நாள் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. திரும்பினால் அண்ணன் நிற்கிறார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்.

"என் குரலுக்கு வசனம் கம்மியா இருக்கேடா. கொஞ்சம் கூட்டு."

ஒரு பேனாக் கோடு

ஐந்தாம் பகுதி, மலை உச்சியின் விளிம்பில் ஒற்றைக் காலில் ஆடும் குச்சிப் பயலோடு முடிந்தது. விழுவானா மாட்டானா? அடுத்ததுதான் கடைசிப் பகுதி, அதற்கு இன்னும் ஒரு மாதம். காத்திருப்பவர்கள் பார்க்கட்டும் என்று அந்தக் காட்சியைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார் அண்ணன். எனக்குக் கை சும்மா இருக்குமா? குதிகாலிலிருந்து காகித ஓரம் வரை பால்பாயின்ட் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பற்றிக்கொண்டது. அது நூல், பயல் வெறும் பொம்மை என்றார்கள் காலேஜ் பசங்க. அடுத்த உலகத்துக்கு வழி என்றான் ஒருத்தன். மெஷினில் படம் தபால்தலை அளவுக்குத் துள்ளித் துள்ளித்தான் ஓடும். அதனால் சுவரில் இருந்ததே வேதம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற, நாங்கள் முசியே என்று கூப்பிடுகிற பெரியவர், பாரீஸில் இருக்கும் மகனுக்கு மெயில் போட வந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நூலாவது ஒண்ணாவது. அது சங்கிலி. இந்தப் பய எங்கியோ காவல்ல இருந்து ஓடியாந்திருக்கான்."

எட்டு முண்டாசு

சனிக்கிழமைதோறும் காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வருவார் தேவகி அக்கா. வீட்டில் மீன்பிடித் தொழில், இவர் காலேஜ். தொடருக்கென்று இன்டர்நெட்டில் ரசிகர்கள் நடத்துகிற ஒரு பக்கம் உண்டு. அதில் தன் படம் ஒன்று வர வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு தடவை அனுப்பி இரண்டும் திரும்பி வந்துவிட்டன. கடைசிப் பகுதி வந்ததும் பக்கத்தை மூடிவிடுவார்கள். இது கடைசி வாய்ப்பு.

இரண்டு வாரம் வரைந்ததைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வந்து விரித்தார். மலை உச்சியில் பயல். குதிகாலில் என் கோடு. அது நீண்டு கீழே கடலுக்குள் போகிறது. அங்கே ஒரு கட்டுமரம், எட்டுக் குச்சி மனுஷர்கள், எட்டுத் தலையிலும் முண்டாசு. அவன் விழுந்துவிடாமல் கோட்டை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள், தொடரில் இல்லாத ஒரு விரலைக் கூடுதலாக வரைந்தாலும் கிழித்துத் தொங்கவிடுவார்கள். இல்லாத கோட்டுக்கு என்ன செய்வார்களோ. ஸ்கேனரை மூடிவிட்டு, கண்டக்டர் குரலில் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். உன் குரலில் சொல்லு என்றார் அக்கா. எனக்கென்று ஒரு குரல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்டா. அஞ்சு பகுதியையும் நிறுத்தி நிறுத்திப் பாத்தவ நான், அவன் கால்ல ஒண்ணும் கெடையாது. இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு, போட்டேன். ஸ்கேன் பண்ணு."

சுவரில் இன்னொன்று

லைன் மூன்று தடவை அறுந்து நாலாவது தடவை படம் போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் பக்கத்தில் வந்துவிட்டது. கோடு எங்கே, எந்தக் காட்சி என்று படத்துக்குக் கீழே எழுதினவர்களுக்குள் ஒரே சண்டை. ஒருத்தர் மட்டும், கோடு இல்லைதான், ஆனால் இனிமேல் அது இல்லாமல் இந்தப் பயலை என்னால் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தார். தேவகி அக்கா அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அண்ணன் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துப் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். முசியே வந்து நெடுநேரம் நின்று பார்த்தார். கட்டுமரத்தில் இருப்பவர்களை விரலால் தொட்டு எண்ணினார்.

"சங்கிலிதான், நான் சொன்னது சரி. ஆனா புடிச்சிருக்கறவங்க நல்லவங்க."

அந்த லீவு முழுக்க நான் பார்த்த ஒரே உருப்படியான வேலை, தொடக்கூடாத காகிதத்தில் பேனா வைத்ததுதான்.