ஊஞ்சல் படத்தின் கீழே எழுதியிருந்தது

கர்ணன் ஓடைப்பட்டிக்குப் போஸ்ட்மாஸ்டராக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்டவர்கள் ஊரில் கிடையாது. சர்வர் வேலை செய்யாத நாளில் வரிசையில் நிற்பவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அவர் எழுந்து வந்து வயசாளிகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பவும் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கையெழுத்துப் பொருந்தாமல் மூன்று தடவை திரும்பிப் போனவர்கூட, நாலாவது தடவையும் அவரைத்தான் தேடி வருவார். தங்கமான மனுஷன் என்று ஊரில் பேர்.

அவருக்கு இன்னொரு பேரும் இருந்தது. அது ஊருக்குத் தெரியாது. 'வீட்டுப் பட்டறை' என்ற வாட்ஸப் குழுவில் அவர் 'அரம்' கர்ணன்.

கொரோனா ஊரடங்கின்போதுதான் அவருக்கு வெல்டிங் பைத்தியம் பிடித்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டு துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது. பட்டறை எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஊரடங்கு தளர்ந்த முதல் வாரமே தேனிக்குப் போய், கையில் தூக்கிவரும் அளவில் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கிவந்தார். ஆரம்பத்தில் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. ஒட்டு கோணலும் மாணலுமாக, குமிழ் குமிழாகத்தான் விழும். பழைய தகடுகளில் வரிவரியாகப் போட்டுப் பழகி, ஒரு வருஷம் போவதற்குள் தையல் மெஷினில் ஓட்டிய மாதிரி கோடு விழ ஆரம்பித்தது. தொட்டி ஸ்டாண்டு, துணி காயப்போடும் சட்டம், பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுக்கும் கொக்கி என்று ஒவ்வொன்றாகச் செய்தார். யாரிடமும் கூலி வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முகமூடியை இறக்கிக்கொண்டு அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

குழுவில் எண்ணூறு பேர் இருந்தார்கள். தேனியில் ஒரு பொறியியல் கல்லூரிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஆதித்தன் ஆரம்பித்த குழு அது. பல் டாக்டர், திராட்சை விவசாயி, ஏலக்காய்த் தோட்டத்து மேனேஜர், வீட்டில் பொழுதுபோக்குக்கு இரும்பை ஒட்டுகிற எல்லோரும் அதில் இருந்தார்கள். தொழிலாகவே செய்கிறவர்களும் சிலர் உண்டு. சண்டைக்குப் பஞ்சமில்லை. எத்தனை ஆம்பியர் வைக்க வேண்டும், கையுறை கட்டாயமா, ஐ.டி.ஐ. படிக்காதவன் மெஷினைத் தொடலாமா என்று ஒரு நாளைக்கு ஒரு வழக்கு ஓடும்.

கர்ணன் முதல் வருஷம் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், ஒருவர் போட்ட கோணல் கேட்டைப் பார்த்து, "இதைத் திறக்கணுமா, நிமித்தணுமா?" என்று எழுதினார். ஐம்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கவுண்டரில் அவர் சொன்ன எதற்கும் இதுவரை ஐம்பது பேர் சேர்ந்து சிரித்ததில்லை. அன்றைக்கு அந்தச் சிரிப்பை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தார். அதற்கப்புறம் யார் படம் போட்டாலும் ஜனங்கள் கர்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவரும் காத்திருக்கவைக்கவில்லை. இரும்பை ராவுகிற அரம் மாதிரி நாக்கு என்று 'அரம்' பட்டம் விழுந்தது அப்போதுதான்.

போன ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடியிலிருந்து ஜோயல் என்பவர் ஓர் ஊஞ்சல் படம் போட்டார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நாற்பது வயசு இருக்கும். மகளுக்காக ஜி.ஐ. பைப்பில் அவரே செய்த ஊஞ்சல். ஒட்டுகள் பொரிந்து பொரிந்து, ஓட்டை ஓட்டையாக இருந்தன. படத்துக்குக் கீழே ஏழெட்டு வரி எழுதியிருந்தார். கர்ணன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். வாய்ஸ் பட்டனை அழுத்தி, "ஜோயல் சார், இது வெல்டிங்கா, இல்ல காக்கா வந்து உக்காந்துட்டுப் போன எடமா?" என்று பேசி அனுப்பினார்.

தொண்ணூறு பேர் சிரித்தார்கள். ஜோயல், "எங்க தப்புன்னு சொன்னா திருத்திக்கிருவேன் சார்" என்று எழுதினார். அதற்குக் கர்ணன், "எங்க தப்பு இல்லன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். பின்னாலேயே இருபது பேர் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் காக்காய்ப் படமே போட்டார். திலீபன் என்ற ஒருவர் மட்டும் எதிர்த்தார். கம்பத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வெல்டராக இருப்பவர். "குறை இருந்தா வட்டம் போட்டுக் காட்டுங்க. அதுக்கப்புறம் சிரிக்கலாம்" என்று எழுதினார். அந்தச் சண்டை ஒரு பக்கம் சூடுபிடித்துக்கொண்டிருந்தபோதே, ஜோயல் குழுவை விட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்து போயிற்று.

மறுநாள் காலையில் கர்ணன் காபி குடித்துக்கொண்டே தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்டார். அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி மாரீஸ்வரி, யார் பேசுவது என்று கேட்டார். நான்தான் என்றார் கர்ணன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு மாரீஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி நின்றார்.

"கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவுகள்ட்ட இப்பிடிப் பேசுவீகளா?"

"அது ஆபீசு. இது சும்மா பொழுதுபோக்குக்கு."

"அவுகளும் பொழுதுபோக்குக்குத்தான வந்திருப்பாக" என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி போய்விட்டார்.

கர்ணனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்போதைய கோபம் முழுக்கத் திலீபன்மேல்தான். வட்டம் போட்டுக் காட்டச் சொன்னானே, காட்டிவிடுவோம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பெரிதாக்கினார். சிவப்பில் ஒரு வட்டம் போட்டார், இரண்டாவது போட்டார். மூன்றாவது வட்டத்தில் கை நின்றுவிட்டது. ஊஞ்சல் சங்கிலி மாட்டும் கொக்கி அது. மேலே உத்திரமாகப் போட்ட பைப்பில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டு. பைப்பின் மேல்பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே ஒட்டியிருந்தது. மொத்தக் கனமும் அங்கேதான் தொங்கும். ஒட்டு விட்டுப் போனால் பிள்ளை கீழே விழும்.

நேற்றே அவர் அதைப் பார்த்திருந்தார். அதுதான் அவருக்கு உறுத்தியது. பார்த்த கண்ணுக்கு ஆபத்து தெரிந்துதான் இருந்தது. ஆனால் வாய்க்குள் காக்காய் முந்திக்கொண்டது.

வட்டங்களை அழித்துவிட்டு ஜோயலுக்குப் போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை. செய்தி அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது. தன் நம்பரை அடைத்துவிட்டார் என்று புரிந்தது. ஆதித்தனைக் கூப்பிட்டு, நீங்களாவது சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்.

"சொல்லிப் பாத்துட்டேண்ணே. ஊஞ்சல்னு ஆரம்பிச்சதுமே குழுவப் பத்திப் பேசாதீகன்னு போன வச்சுட்டாரு" என்றார் ஆதித்தன். "நீங்க பேசுனத நீங்கதான் போய்ப் பேசணும்" என்றார்.

அந்த வாரம் லீவு கிடைத்தது சனிக்கிழமைதான். அன்றைக்குக் காலையிலேயே கர்ணன் கிளம்பினார். சின்னமனூருக்கு ஒரு பஸ், தேனிக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து போடிக்கு ஒரு பஸ். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். கவுண்டரில் வார்த்தை தேடி அவர் தவித்ததில்லை. இதற்கு ஒரு வாக்கியம்கூடச் சரியாக அமையவில்லை.

கடையில் கூட்டமாக இருந்தது. ஏதோ கல்யாணச் சீர்வரிசைக்கு ஒரு குடும்பமே வந்து அண்டாக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கர்ணன் தன் பேரைச் சொன்னதும் ஜோயலின் முகம் இறுகியது. உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். முக்கால் மணி நேரம் கர்ணன் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தபால் ஆபீசில் நாற்காலி போட்டுத் தான் உட்காரவைக்கும் ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஜோயல் வந்தார்.

"சொல்லுங்க சார். நேர்ல வந்து சிரிக்கணும்னு வந்தீகளா?"

"இல்லீங்க. அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அதச் சொல்லவும் வந்தேன். அந்த ஊஞ்சல்ல பிள்ளைய உக்கார விடாதீகன்னு சொல்லவும் வந்தேன்."

ஜோயல் கடைப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீடு கடைக்கு மேலேயே இருந்தது. அவர் மகள் ஊஞ்சலில் கால் நீட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளை இறங்கச் சொல்லிவிட்டு ஜோயல் ஒரு ஏணியைச் சாத்தி, ஏறிப் பார்க்கச் சொன்னார்.

கர்ணன் ஏறிப் பார்த்தார். உத்திரத்துக்கு மேலே, படத்தில் தெரியாத பக்கத்தில், 'யூ' வடிவில் வளைந்த கனமான போல்ட் இரண்டு பைப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. கொக்கி அவற்றில்தான் தொங்கியது. ஒட்டு, கொக்கி நகராமல் இருப்பதற்கு மட்டும்தான். ஒட்டு விட்டாலும் ஊஞ்சல் விழாது.

"என் வெல்டிங்க நம்பி என் பிள்ளைய உக்கார வைப்பனா சார்?" என்று கீழேயிருந்து ஜோயல் கேட்டார். "போல்ட் போட்டத மூணாவது வரியில எழுதியிருந்தேன்."

கர்ணன் இறங்கி வந்து, தான் அதைப் படிக்கவில்லை என்று சொன்னார். ஜோயல் போனை எடுத்து, அன்று எழுதியதைத் தேடி நீட்டினார்.

இந்தத் தடவை கர்ணன் கடைசி வரைக்கும் படித்தார். போல்ட் விவரம் இருந்தது. அதற்குக் கீழே, உண்மையில் கேட்க வந்த கேள்வி இருந்தது. ஸ்டோர் ரூமில் வைத்து வேலை பார்த்த அன்றைக்கெல்லாம் சாயங்காலமானால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருகிறது, வாயில் தித்திப்பாக ஏதோ ருசி, மறுநாள் சரியாகிவிடுகிறது, வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். தொண்ணூறு பேர் சிரித்ததற்கு அடியில் அந்தக் கேள்வி அப்படியே கிடந்திருக்கிறது.

"இதுக்கப்புறமும் ஸ்டோர் ரூம்லயா வேலை பாத்தீக?"

"ரெண்டு தடவை. ஒரு ஸ்டாண்டு செஞ்சேன். யாரோ பால் குடிச்சாச் சரியாப் போயிரும்னாக. குடிச்சேன். புதன்கிழமை காய்ச்சல் ரொம்பக் கூடி, மூச்சு இழுக்கச் சிரமமாப் போச்சு. ஃப்ளூன்னு மாத்திரை குடுத்தாக."

"வெல்டிங் பாத்தத டாக்டர்ட்ட சொன்னீகளா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

கர்ணன் சொன்னார். ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். நெருப்புப் பட்டால் வெள்ளைப் புகையாக எழும்பும். மூடிய அறையில் அதை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலாக வரும், பால் அதற்கு மருந்தில்லை. ஒட்டுகிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும், வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், மூக்குக்கு வெறும் துண்டு போதாது, அதற்கென்று இருக்கிற மாஸ்க் வேண்டும். ஒட்டு பொரிந்ததற்கும் காரணம் அந்தப் பூச்சுதான். நெஞ்சுக்கு ஒருதடவை டாக்டரிடம் காட்டிவிடச் சொன்னார். கவுண்டரில் படிவம் நிரப்பச் சொல்லித்தருகிற அதே குரலில் சொன்னார்.

ஜோயலின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா நான் புதன்கிழமை அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்" என்றார் ஜோயல். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே கர்ணனுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

"ஆமா" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில், தான் எதைச் சொல்லப் போனோமோ அது தேவையே இல்லாத எச்சரிக்கையாக இருந்ததையும், தேவையான விஷயத்தைத் தற்செயலாகத்தான் சொல்ல நேர்ந்ததையும் நினைத்துக்கொண்டே வந்தார். ஜோயல் அந்தப் போனை எடுத்து நீட்டாமல் இருந்திருந்தால், ஏணியிலிருந்து இறங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு மனசு நிறைந்து ஊர் திரும்பியிருப்பார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, போடியில் நடந்ததைக் குழுவில் எழுதினார். காக்காய்ப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார், போல்ட் விஷயத்தைச் சொன்னார். துத்தநாகப் புகையைப் பற்றி நீளமாக எழுதினார். சிலர் கும்பிடுகிற பொம்மை போட்டார்கள். அரம் மொட்டையாகிவிட்டது என்று ஒருவர் எழுத, அதற்கு அறுபது பேர் சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் இரண்டு வருஷமாக அந்தக் காய்ச்சல் வருகிறது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்.

திலீபனோடு சண்டை ஓயவில்லை. புகையைப் பற்றி எழுதியதில் மாஸ்க் விவரம் அரைகுறை என்று அவர் அன்றைக்கே திருத்தினார். கர்ணனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதில் ஒன்று நன்றாகவே அமைந்தது, நிச்சயம் ஐம்பது பேர் சிரித்திருப்பார்கள். அதை டைப் அடித்து முடித்து, அனுப்பாமல், திலீபனுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். மாஸ்க் விஷயத்தில் திலீபன் சொன்னதுதான் சரி. ஐ.டி.ஐ. படிக்காதவர்கள் ஜி.ஐ. பைப்பைத் தொடவே கூடாது என்று அவர் சொன்னதைக் கர்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமலேயே போனை வைத்தார்கள்.

ஜோயல் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆதித்தன் இரண்டு தடவை அழைப்பு அனுப்பியும் சேரவில்லை. கர்ணனின் நம்பரை மட்டும் திறந்துவிட்டிருந்தார். கார்த்திகை மாசம் அதில் ஒரு படம் வந்தது, மொட்டை மாடியில் வைத்துச் செய்த செருப்பு ஸ்டாண்டு. கீழே நாலு வரி எழுதியிருந்தார். கர்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அந்த நாலு வரியைப் படித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒட்டு இன்னமும் சுமார்தான். இடது பக்கத்துக் காலில் கரண்டைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கலாம் என்று எழுதி அனுப்பினார்.