குப்பியில் கேன் தண்ணீர்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்தவை:

1. மண்ணூரில் எங்கள் கீரைத் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடத் தொடங்கியது.
2. அது எங்கள் கிணற்றிலும் ஊறுகிறது என்று பேச்சுக் கிளம்பியது.
3. சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் விடுதியில் எங்கள் கீரையை நிறுத்திவிட்டார்கள். வேறு யாரும் வாங்கவில்லை.
4. தண்ணீரைச் சோதிக்க ஒரு மேடம் வந்தார்.

ஊர் ஏரி, ஓடை, கிணறு மூன்றின் நீரிலும் உள்ள அணுக்களை ஒப்பிட்டால் கிணற்றுக்கு ஊற்று எது என்று தெரிந்துவிடும் என்றார்.

"அணுன்னா வெடிக்குமா மேடம்?" என்றார் மாமா.

"வெடிக்காதுங்க. ஏரித் தண்ணி வெயில்ல காயும்போது லேசான அணு முதல்ல ஆவியாப் போயிடும், கனமானது தங்கிடும். ஓடையில வர்றது தொழிற்சாலைக்காரங்க எடுக்கிற ஆழ்துளைத் தண்ணி, அதுல அப்படி இருக்காது."

அன்று மின்சாரம் இல்லை. வந்ததும் மோட்டார் போட்டுக் கிணற்று நீரை நிரப்பிவைக்கச் சொல்லி, சித்தியிடம் ஒரு குப்பியைக் கொடுத்துப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் கேன் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். கிணற்று நீரோ சற்று மங்கல். பார்த்ததுமே கிணற்றை மூடச் சொல்லிவிட்டால்? சித்தி கேனிலிருந்து நிரப்பி, குப்பியைத் துடைத்தும் வைத்தார்.

சில வாரம் கழித்து மேடம் குழப்பத்துடன் வந்தார். "ஏரியும் இல்ல, ஓடையும் இல்ல. உப்பே இல்லாத கிணறு நான் பாத்ததில்லீங்க."

"நல்ல தண்ணியா குடுப்போம்னு கேன்ல புடிச்சேன் மேடம்" என்றார் சித்தி.

"கிணத்துக்கு வைத்தியம் பாக்க வந்தா, பக்கத்து வூட்டுக்காரன் ரத்தத்த குடுத்துக்கினு கீறியேம்மா!" என்றார் மாமா. மேடம் சிரித்துவிட்டுத் தாமே மோட்டாரைப் போட்டுக் குப்பியை நிரப்பினார்.

இரண்டாம் முடிவு தொலைபேசியில் வந்தது: கிணற்றில் ஊறுவது ஏரி நீர்தான், ஓடை நீர் கலக்கவில்லை.

அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முகம் கழுவி, யாரையோ அழைத்து, "வேணாண்ணே, வுட்டுடு" என்று மட்டும் சொன்னார். ஏதோ கல்யாணத்துக்கு வர முடியாது என்கிறார் என நினைத்துக்கொண்டேன். மறுமுனையில் இருந்தவர் மனைத் தரகர் என்பதும், நிலம் அநேகமாகக் கைமாறிவிட்டிருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இப்போதும் அந்தக் கிணற்றில்தான் இறைக்கிறோம். விடுதிக்குக் கீரை போகிறது.