இலை இல்லாத மாதத்தில் எடுத்த சர்வே

குலசேகரம் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் என் பொறுப்பில் இருந்தது. ஆன்லைன் தேர்வுகள் வந்த புதிதில் லேப்பில் வைஃபை திணறியது. காரணம், 11b என்கிற பழைய வைஃபை ஸ்டாண்டர்ட். யாரோ ஒருவரின் பழைய லேப்டாப் அதில் பேசினால்கூட, மற்றவர்களின் வேகமும் சேர்ந்து குறையும். மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் கதைதான்.

அதை நிறுத்த முடிவானது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஜனவரியில் வளாகம் முழுக்க நடந்து சிக்னல் அளந்தார். எல்லா இடத்திலும் ஜோர். கன்ட்ரோலரில் 11b-ஐ ஆஃப் செய்தோம். லேப் பறந்தது. பிரின்சிபல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அபூர்வ நிகழ்ச்சி அது.

மார்ச்சில் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் ஸ்டெல்லா வந்து நின்றார். அவர் கணவருக்குக் குவைத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு, அன்றைக்குத்தான் வீடியோ கால்.

“சாரே, ரெண்டு வெள்ளியாச்சு, எங்க வீட்டுக்காரரு மொகம் தெரியல்ல. நெட்டே கிட்டல்ல.”

கல்லூரி மொட்டை மாடிக்கு ஏறினேன். ஹாஸ்டலுக்குக் கேபிள் கிடையாது. மாடி ஆன்டெனாவிலிருந்து ரப்பர் தோட்டத்தைத் தாண்டி சிக்னல் போக வேண்டும். ஜனவரியில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்றன. சென்னைக்காரர் அதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். இப்போது தளிர்த்து, ஹாஸ்டலே கண்ணுக்குத் தெரியவில்லை. 11b மெதுவானதுதான், ஆனால் போன வருஷம் வரை இத்தனை இலைக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருந்தது.

பிரின்சிபலிடம் சொன்னேன்.

“பழசத் திரும்பப் போட்டா பரீட்ச நின்னு போவும். ஒரு போன் காலுக்காண்டி முடியாதுவே.”

அவர் சொன்னது நியாயம். ஸ்டெல்லா கேட்டதும் நியாயம். எனக்குத்தான் எரிச்சல். கடைசியில் ஹாஸ்டல் தண்ணீர் டாங்க் மேல் கம்பம் நட்டு, மரத்துக்கு மேலே தெரியும்படி ஒரு ஆன்டெனா வைத்தேன். மாடியில் இருந்ததையும் அதற்கு நேராக உயர்த்தினேன். 11b-ஐத் திரும்பப் போடவில்லை.

பழையதை நிறுத்தும் முன் அது யாருக்கு உதவிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரானால், இலை இருக்கிற மாதத்தில் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்க ஹாஸ்டல் ஆபீசுக்குப் போனேன். ஸ்டெல்லாவின் கணவர் குவைத் போகும் முன் அதே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டியவராம். திரையில் முகம் தெளிவாக வந்தது.

“ஏட்டி, அத ஜன்னல் பக்கம் திருப்பு. ரப்பரு தளுத்தாச்சா, பாக்கட்டு.”

ஸ்டெல்லா லேப்டாப்பைத் திருப்பினார். வெகுநேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, கையிலிருந்த சிக்னல் மீட்டரைப் பார்த்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.