திங்கள், வியாழன் நோன்பு

கம்பத்தில் கலீல் ரஹ்மான் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'குமுளி ஜீப் கலீல்' என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலை ஏறி இறங்கிய மனுஷன். கண்ணில் புரை விழுந்து வண்டியை விற்ற பிறகும் வாய் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இது அவருடைய கதை இல்லை. அவர் பேசும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து 'ம்' கொட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நசீமாவின் கதை.

நசீமாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரைக்கு மூன்று வேளை, பிரஷருக்குக் காலையும் ராத்திரியும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் சும்மாவே கொடுப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "நான் வண்டியில ஏத்திவிட்ட ஆளுகளோட நானும் வரிசையில நிக்கணுமாக்கும்?" என்று கலீல் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வீம்புக்கு மாத்திரை இருந்தால் அவருக்குத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆக, டாக்டர் எழுதிய மாத்திரையைக் கடைவீதியில் முழு விலைக்கு வாங்கினார்கள். ஒரு கடை வாடகையும், மகள் சானியா உத்தமபாளையத்திலிருந்து கொடுத்துவிடுவதும்தான் வீட்டு வருமானம். அதில் பெரிய பங்கை மாத்திரை தின்றது.

2006இல் ஒரு நாள் பழைய சினேகிதர் ஒருவரைப் பார்க்கக் குமுளிக்குப் போன கலீல், அங்கே சொசைட்டி நடத்தும் மருந்துக்கடையில் நசீமாவின் காலி மாத்திரை அட்டையை நீட்டினார். கடையிலிருந்த மலையாளச் சேச்சி அட்டையில் இருந்த பெரிய எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே மருந்தின் பேர் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். "சேட்டா, பேரு மாத்திரம்தான் வேற. மருந்து ஒண்ணு தன்னே." அவள் எடுத்துக் கொடுத்த அட்டையில் விலை மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

அன்றைக்கு மலை இறங்கிய கலீலுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கம்மாளுக்கும் சர்க்கரை உண்டு. புருஷன் இல்லாதவள். திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டவும் பழம் வெட்டவும் போய்ப் பிழைக்கிறவள். காசு இருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கலீல் அவளுடைய காலி அட்டையையும் மாதாமாதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அக்கம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். அந்த நவம்பரிலேயே இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தால் கம்பெனி பணம் கட்டும், வயது கூடிவிட்டால் பிறகு சேர்க்க மாட்டார்கள் என்றார். மாத்திரைக்குக் கொடுப்பார்களா என்று நசீமா அடுப்படியிலிருந்து கேட்டாள். "படுத்தாத்தாம்மா" என்றார் ஏஜெண்ட். ஏற்கெனவே உள்ள சர்க்கரையாலோ பிரஷராலோ படுத்தால் உடனே கிடையாது. நாலு வருஷம் விடாமல் கட்டினால் அதற்கும் உண்டு. நடுவில் ஒரு வருஷம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கலீல் மனைவியின் பெயரில் கையெழுத்துப் போட்டார். நாலு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்றார்.

அடுத்த வருஷமே இன்சூரன்ஸ் தவணை கூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. கலீல் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாத கலீலை நசீமா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

ரமலான் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த மாதம் முழுக்க அவள் பகல் மாத்திரை போடவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த அவசரத்தில் காலை மாத்திரையும் பல நாள் விட்டுப்போனது. ஒன்றும் ஆகவில்லை. தலை சுற்றவில்லை, கால் வீங்கவில்லை. சொல்லப்போனால் உடம்பு லேசாக இருந்தது. இந்த வியாதிகள் சத்தம் காட்டாமல் உள்ளே வேலை பார்க்கிறவை என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பாதி மாத்திரை இல்லாமலே ஒரு மாதம் ஓடியதே, இன்னும் கொஞ்சம் ஓடாதா என்று அவள் நினைத்தாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

ரமலானுக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பையும் வைத்தாள். அது முடிந்ததும் திங்களும் வியாழனும் வைக்கட்டுமா என்று கேட்டாள். கடமையில்லாத நோன்புக்குப் புருஷன் சம்மதம் வேண்டுமே.

"ஒடம்பு தாங்குமா புள்ள?"

"ரமலான்ல தாங்குச்சுல்ல."

"அப்ப வையி. எனக்கும் சேத்து துவா கேளு." கலீலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி கிடைத்தாளே என்று டீக்கடையிலும் போய்ச் சொன்னார்.

நோன்பு நாளில் மாத்திரை கிடையாது என்று நசீமா தனக்குள் சட்டம் போட்டுக்கொண்டாள். பிறகு மற்ற நாளிலும் ஒவ்வொரு வேளையாக விட்டாள். காலி அட்டையைக் கொடுத்தால்தான் கலீல் வாங்கி வருவார், எண்ணிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நசீமா கொடுக்கிற அட்டை குறைந்தது.

"இன்னும் தீரலையா?"

"இருக்குங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மிஞ்சிய மாத்திரைக் காசு தவணைக்குப் போனது. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று கலீல் நம்பினார். "மலிவு மாத்திரைக்கு மாறுனேன், மருந்துச் செலவே கால்வாசியாப்போச்சு, இன்சூரன்சும் கட்டுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நசீமாவுக்கு உள்ளே அறுத்தது. நோன்பைத் திரையாக வைத்துக்கொண்டு புருஷனை ஏமாற்றுகிறோமே என்று தொழுகைப் பாயில் அழுதாள். நாலாவது வருஷம் முடிந்ததும் பழையபடி ஒழுங்காகச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். அல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கலீலிடம் சொல்லவில்லை.

2010 மார்ச்சில் ஒரு காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனவளுக்கு வலது கை வரவில்லை. அக்கம்மாள்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு போய்விட்டது. காதும் நினைவும் மட்டும் அப்படியே இருந்தன. அவை இருந்ததுதான் கொடுமை.

டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். "பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கே, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"ஒரு நா தவறுனதில்ல டாக்டர்" என்று கலீல் பையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினார்.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வாங்குனது? விலை கம்மின்னு கண்டதையும் வாங்கிப் போட்டா இப்படித்தான் ஆகும்."

அவ்வளவுதான் சொன்னார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாத்திரை நல்ல மாத்திரைதான், நான்தான் போடவில்லை என்று நசீமா கத்தினாள். வெளியே வந்தது 'பா, பா' என்ற சத்தம். கலீல் அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டார். "நாலு காசுக்கு ஆசப்பட்டு ஒன்னய நானே கெடுத்துட்டேனே நசீமா!" அவளுடைய இடது கை கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தது. வலிக்கிறது போல என்று நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய பிரஷரால் வந்த நோய், நாலு வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதனால் பணம் தருவதற்கில்லை. சானியாவின் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டு அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

கலீல் வீட்டிலிருந்த குமுளி மாத்திரையை எல்லாம் சாக்கடையில் கொட்டினார். கடைவீதியில் விலை கூடின மாத்திரையை வாங்கிவந்து, பொடித்துத் தண்ணீரில் குழைத்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினார். "கம்பெனி மாத்திரை புள்ள. நல்ல மாத்திரை. வாயைத் தொற." இந்த விலைக்கு இது எத்தனை மாதம் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் கெஞ்சினார், கெஞ்சி அழுதார். அழுகிறவர் முன்னால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? விழுங்கினாள்.

அவளுக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. அதனால் ஒரு நாள் இடது கையை நீட்டி, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வரச் சொல்லி ஜாடை காட்டினாள். திங்கட்கிழமையில் விரலை வைத்தாள். பிறகு வியாழக்கிழமையில் வைத்தாள். மாத்திரை டப்பாவைத் தொட்டு, இல்லை, இல்லை என்று கையை அசைத்தாள். கலீல் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"நோன்பு விட்டுப்போச்சேன்னு வருத்தப்படுறியா? இந்த நெலமையிலயும் ஒனக்கு நோன்பு நெனப்பா?" என்று அவர் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போனாலும் ஜமாஅத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். மலிவு மாத்திரை வாங்காதீங்க, என் வீட்டைப் பாருங்க. முப்பது வருஷம் மலைப்பாதையில் ஒரு விபத்தும் செய்யாத மனுஷன் சொன்னால் ஊர் நம்பத்தானே செய்யும். படுக்கையில் கிடந்தபடி நசீமா அவர் வாசலில் நின்று பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஒரு சாயங்காலம் அக்கம்மாள் வந்தாள். தோட்டத்தில் கொடுத்த பன்னீர் திராட்சையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். நசீமாவைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் இடது காலில் ஒரு துணிக்கட்டு இருந்தது, ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது.

"முள்ளு குத்துன புண்ணுதான் மதினி. ஒரு மாசமா ஆற மாட்டேங்குது. அது கெடக்கு. அண்ணன் சொன்ன மறுநாளே அந்தக் குமுளி மாத்திரையத் தூக்கி எறிஞ்சுட்டேன். அந்தக் கோவத்துலதான் இம்புட்டு நாளு வரலேன்னு நெனச்சுக்கிறாதீக. தோட்டத்துல வேல."

நசீமா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி மாத்திரைக்கு நான் எங்கிட்டுப் போவேன்? அதனால எதையும் போடுறதில்ல. சாமி விட்ட வழின்னு கெடக்கேன். அண்ணன் மட்டும் சொல்லலேன்னா நானும் ஒங்கள மாதிரி விழுந்துருப்பேன் மதினி."

நசீமாவின் இடது கை பாய்ந்து அக்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்தாள். அந்தப் புண்ணைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், தலையை வேகமாக ஆட்டினாள். தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எச்சில் வழிந்தது.

அக்கம்மாள் பயந்துபோய் அவளை அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் நசீமாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"போட மாட்டேன் மதினி. சத்தியமா இனி அந்த மாத்திரையத் தொடக்கூட மாட்டேன். போதுமா? நீங்க பதறாம இருங்க."