மனைவியின் ஸ்கோர்

ரேணிகுண்டாவில் லாரிக்குப் பாடி கட்டும் ஒர்க்ஷாப்பில் டைட்டஸ் வெல்டர். அவன் வைத்த ஒட்டு விட்டுப்போச்சு என்று எந்த டிரைவரும் திரும்பி வந்ததில்லை. அவன் மனைவி ஹன்னா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். சம்பளம் அவனுக்குத்தான் அதிகம். வீட்டில் யார் பெரியவர் என்ற கேள்வி அவனுக்கு வந்ததே இல்லை.

கரகம்பாடி ரோட்டில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு, லோன் கேட்க வங்கிக்குப் போன அன்று வந்தது.

மேனேஜர் பத்மினி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஹன்னா பக்கம் திரும்பினாள். "கடன ஒழுங்கா கட்டுறீங்களான்னு பாக்குற உங்க சிபில் ஸ்கோர் எழுநூத்தி எண்பத்திரெண்டு. சாலா பாகுந்தி, ரொம்ப நல்லா கீது!" பிறகு டைட்டஸைப் பார்த்தாள். "சார், உங்களுது ஐநூத்தி தொண்ணூத்தி நாலு. பைக் லோனை முழுசா கட்டாம, கம்மியா குடுத்து செட்டில் பண்ணிக்கினீங்க. கிரெடிட் கார்டும் எப்பவும் லிமிட்ல நிக்குது."

"என் பேர்ல மட்டும் தர முடியாதா மேடம்?" என்றாள் ஹன்னா.

"உங்க சம்பளம் பத்தாதும்மா. சார் வருமானமும் சேரணும். அவர் ஸ்கோர் எழுநூறைத் தாண்டட்டும், வாங்க. லோன்லயும் பத்திரத்துலயும் முதல் பேரு உங்களுது, அடுத்தது சார்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஹன்னாவின் அக்கா மேரி, "எங்க ஹன்னா பேர்லதான் வீடாமே!" என்று சிரித்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கிட்ட சீட்டுப் பணம் கீதுங்க. பைக் பாக்கிய கட்டிடலாம்" என்றாள் ஹன்னா.

"உன் காசு ஒண்ணும் வேணாம்."

ஓவர்டைம் பார்த்தான். பைக் பாக்கியைக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினான். கார்டுக் கடனில் பெரும்பகுதியை அடைத்தான். மாதா மாதம் போனில் தன் ஸ்கோரைப் பார்ப்பான். கையோடு, அதே போனில் பதிந்து வைத்திருந்த அவளுடையதையும் பார்ப்பான். அவனுடையது அறுநூற்று அறுபத்தெட்டுக்கு வந்தபோது அவளுடையது எழுநூற்று எண்பத்தெட்டில் நின்றது. தன்னுடையது ஏறிய சந்தோஷம் அதோடு போய்விடும்.

ஒரு மாதம் ஹன்னாவுக்குச் சம்பளம் தாமதமானது. வாஷிங் மெஷின் தவணைக்காகச் சீட்டுப் பணத்திலிருந்து மூவாயிரத்தை அவன் கையில் கொடுத்தாள். "நாளைக்குப் பணம் எடுத்துடுவாங்க. இன்னிக்கே மறக்காம என் அக்கவுன்ட்ல போட்டுடுங்க."

ஒர்க்ஷாப்புக்கு எதிரிலேயே பணம் போடும் மெஷின். வரிசையில் ஒரு ஆளும் இல்லை. டைட்டஸ் அதன் முன்னால் போய் நின்றான். ஒரே ஒரு தடவை, கொஞ்சம் இறங்கினால்தான் என்ன? பணத்தை ஜேபிக்குள் தள்ளிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள், அக்கவுன்ட்டில் பணம் இல்லாமல் தவணை பவுன்ஸ் ஆனதாக மெசேஜ் வந்தது. ஹன்னா பதறிப்போனாள். "மிஷின் ரிப்பேரு. சொல்ல மறந்துட்டேன்" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கே அபராதத்தோடு கட்டினாள். அடுத்த மாதம் பார்த்தால் அவள் ஸ்கோர் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

அவனுடையது எழுநூற்று நான்கு ஆனதும் மறுபடி வங்கிக்குப் போனார்கள். பத்மினி ஹன்னாவின் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இங்க ஒரு பவுன்ஸ் கீதே? மேலாபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. ஆறு மாசம் சுத்தமா இருக்கட்டும், அப்பறம் வாங்க."

"என் தப்புதான் மேடம். நானே போய்ப் போட்டிருக்கணும்" என்றாள் ஹன்னா.

பஸ் ஸ்டாப்பில் அவனால் அதைத் தாங்க முடியவில்லை. "மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் வேணும்னே போடல."

"ஏன்?"

"உன்னுது எறங்கட்டும்னு."

பஸ் வந்ததும் ஹன்னா ஏறி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான்கு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் அவன் போனை எடுத்து எதையோ அழித்துவிட்டுக் கொடுத்தாள். "இனிமே என் ஸ்கோர நீங்க பாக்க வேணாம். உங்களுத மட்டும் பாத்துக்கினு இருங்க."

அந்த ஃபிளாட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து லோன் கிடைத்தபோது, அதே ரோட்டில் ஒன்றரை லட்சம் அதிகம் கொடுத்து, மேற்கு வெயில் அடிக்கும் மூன்றாம் மாடிதான் வாங்க முடிந்தது. பத்திரத்தில் ஹன்னா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவனிடம் நீட்டினாள். அவள் பெயருக்குக் கீழே அவன் போட்டான். அப்போதும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் அதை இந்தத் தடவை யார்மேலும் காட்டவில்லை. "வா, டிபன் துன்னுட்டுப் போலாம்" என்றான்.