எந்த வீட்டிலும் சாப்பிடாதவர்

இதை எழுத உட்காருவதற்கே கூச்சமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவன். சண்டை போடும் நாடுகளுக்கு நடுவே போய்ப் பேசுகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்ட ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன், அதுவும் இரண்டு தடவை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தத்தின்போது ஆவடியில் இத்தாலிக்காரக் கைதிகளை முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அந்த முகாமின் சமையல் கொட்டகையில் எனக்கு வேலை. விறகு பிளக்க வேண்டும், அண்டா கழுவ வேண்டும். எங்கள் ஊர் நூம்பலிலிருந்து திருவேற்காடு வழியாக நடந்து போவேன். திருவேற்காட்டில்தான் என் தங்கையைக் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து சிங்கப்பூர் போனார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

முதலில் எல்லோரும் சேர்ந்து காத்திருந்தார்கள். பிறகு மாமியார் கிழவிக்குக் கனவு வர ஆரம்பித்தது. கனவில் மகன் வாசலில் நின்று சோறு கேட்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். உடல் கிடைக்காமல் போனவனுக்கு வைக்கோலில் ஆள் செய்து, கூவம் ஆற்றங்கரையில் எரித்துக் காரியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் செய்துவிட வேண்டும் என்று கிழவி பிடிவாதமாக நின்றாள். அதைச் செய்தால் தங்கையின் கழுத்தில் தாலி இருக்காது.

"எம்மா நாளா பசியோட அலையிறானோ எம்புள்ள. ஒரு வாய் சோறு வெக்க உடுங்கடா" என்று அழுவாள்.

"உசிரோட கீறவருக்கு இன்னாத்துக்கு பிண்டம்?" என்பாள் தங்கை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"உசிரோட கீறான்னு உனுக்குத் தந்தி வந்துதா?" என்று கிழவியின் மூத்த மகன் கேட்பார். அவர் கெட்டவர் இல்லை. தாய் தினமும் அழுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்.

இந்தச் சமயத்தில்தான் முகாமுக்கு அந்த மனிதர் வந்தார். வருகிறார் என்றதும் கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். குழம்பில் வெங்காயம் அதிகம் போடச் சொன்னார்கள். நான் யாரோ பெரிய தளபதி என்று நினைத்தேன். நெட்டையாக, வெயிலில் தோல் உரிந்த முகத்தோடு, கசங்கின கால்சட்டையில் ஒருவர் வந்து இறங்கினார். ரேஷன் குமாஸ்தாதான் எனக்கு விளக்கினார். அவர் பூந்தமல்லிக் கிறிஸ்துவர், நன்றாக இங்கிலீஷ் பேசுவார்.

"சண்டையில சேராத தேசத்து ஆளு. சர்க்கார் உத்தியோகமும் இல்ல. ஒரு தர்ம சங்கம். இங்க வந்து கைதிய எப்படி வெச்சிகினு கீறாங்கன்னு பாப்பாங்க. இதே மாதிரி அந்தப் பக்கம் போயி நம்ம ஆளுங்களப் பாக்க உடுன்னு ஜப்பான்காரனக் கேப்பாங்க."

"உடுவானா?"

"கேக்கத்தான் முடியும் அண்ணாத்தே. அவங்க கையில கத்தியா கீது, துப்பாக்கியா கீது?"

அதிகாரிகளை வெளியே நிறுத்திவிட்டு அவர் கைதிகளோடு தனியாகப் பேசினார். மத்தியானம் அதிகாரிகள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வரவில்லை. கைதிகள் ஒரு தட்டு நீட்டினார்கள். அதையும் வாங்கவில்லை. தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தின்றார்.

"நீ ஆக்கினதுன்னு யாரோ சொல்லிட்டாங்க போல" என்று குமாஸ்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்களில் இரண்டு குடும்பத்துக்குள் வழக்கு என்றால் வேற்றூரிலிருந்து ஒரு நடுவரை அழைத்து வருவார்கள். அவர் இரண்டு வீட்டிலும் கை நனைக்கமாட்டார். ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு எது நிற்கும் என்று சொல்வார். அவர் வாயால் சொன்னது நிற்கும். எதைச் சொல்லாமல் விடுகிறாரோ, அது தள்ளுபடி. முன்கூட்டியே இரண்டு பக்கமும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து ஒத்துக்கொண்டிருப்பதால் அப்புறம் பேச்சுக்கு இடமில்லை.

அன்றே குமாஸ்தாவைக் கெஞ்சி அவர் முன்னால் போய் நின்றேன்.  விஷயத்தை எனக்காகக் குமாஸ்தாதான் சொன்னார். அந்த மனிதர் தங்கை வீட்டுக்காரரின் பெயர், தகப்பன் பெயர், பட்டாளத்து நம்பர் எல்லாம் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை வரும்போது பதில் சொல்வதாகச் சொன்னார்.

திருவேற்காட்டில் போய் இதைச் சொன்னேன். மூத்தவர் யோசித்தார்.

"அவுரு யாரு கட்சி மச்சான்?"

"யாரு கட்சியும் இல்ல."

"சோறு?"

"முகாம்ல தண்ணிகூட குடிக்கல. சொந்த ரொட்டி."

அதுதான் அவரை அசைத்தது. "அப்போ அவுரே சொல்லட்டும். உன் தங்கச்சி ஒத்துக்குவாளா?"

தங்கை சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டாள். கிழவியும் ஒத்துக்கொண்டாள். இருவரும் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் சண்டை நின்றது. மாமியாரும் மருமகளும் ஒரே உலையில் ஆக்கித் தின்றார்கள். தங்கை எனக்குத் தெரிந்து சிரித்தது அந்த மாதங்களில்தான்.

மழைக்காலம் முடிந்து அவர் மறுபடி வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது, தானே குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதைக் குமாஸ்தா எனக்குச் சொன்னார். ஜப்பான்காரர்கள் எல்லாப் பெயர்களையும் கொடுக்கவில்லை. கொடுத்த வரையில், உயிரோடு இருப்பவர்களில் இந்தப் பெயர் இல்லை. செத்தவர்களிலும் இல்லை. முகாம்களைப் பார்க்க சங்கத்து ஆட்களை விடவில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுபடி கேட்போம்.

"ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லுங்க சார்" என்றேன். "உசிரோட கீறார்னு சொன்னா போதும். வழக்கு கீது."

குமாஸ்தா அதைச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.  அந்த மனிதர் மெதுவாக ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார்.

"தெரியாதத தெரியும்னு ஒரு வாட்டி சொல்லிட்டா, அப்புறம் ரெண்டு பக்கமும் நம்ப மாட்டாங்களாம். நம்பலன்னா வேலிக்குள்ள உட மாட்டாங்க. அவருக்கு வேற பலம் இல்லியாம்" என்றார் குமாஸ்தா. "மன்னிக்கச் சொல்றாரு."

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் திருவேற்காட்டுக்கு அன்று நடந்ததுபோல் என்றும் நடந்ததில்லை.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். 

"உசிரோட கீறான்னு சொன்னாரா?" என்று மூத்தவர் கேட்டார்.

"சொல்லல."

"அவ்ளோதான். சொல்லல."

"செத்தவங்கள்லயும் இல்லன்னு சொன்னாரே" என்றாள் தங்கை. முதல் தடவையாக நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"செத்தான்னு நாங்க வழக்கு வெக்கல. கீறாருன்றது உன் வழக்கும்மா. உன் வழக்க அவுரு எடுத்துச் சொல்லல. நடுவர் சொல்லாதது தள்ளுபடி. கற்பூரம் அணச்சது நீயும்தானே?"

அந்த மனிதர் எங்கள் ஊர் நடுவர் இல்லை, தீர்ப்புச் சொல்வது அவர் வேலையே இல்லை, இரண்டு பக்கத்தையும் பேச வைப்பதும் பார்த்து வருவதும் மட்டும்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கோர்வையாக வரவில்லை. "அப்போ இன்னாத்துக்கு அவராண்ட போனே?" என்று மூத்தவர் கேட்டார்.  கிழவி மட்டும் எழுந்து வந்து தங்கையின் தலையைத் தடவினாள். தங்கை அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"சரி. ஒத்துக்கினேன் இல்ல" என்றாள். 

யுத்தம் முடிந்துவிட்டது. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். தங்கையின் வீட்டுக்காரரைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சங்கத்து மனிதரையும் நான் மறுபடி பார்க்கவில்லை. முகாம் கலைந்த பிறகு அவர் எங்கே போனார் என்று குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை.

நான் பதில் கொண்டுபோன அந்த வாரம் வெள்ளிக்கிழமையே கூவம் கரையில் காரியம் நடந்தது. வைக்கோல் ஆளுக்கு அவருடைய பழைய சட்டையைப் போட்டிருந்தார்கள். ஈரவைக்கோல், லேசில் பற்றவில்லை. மூத்தவர் மூன்று தடவை கொள்ளி வைத்தார். கிழவி பக்கத்தில் இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, "துன்னு நைனா, துன்னு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்கள் தங்கையை ஆற்றுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். நான் மணலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தங்கையை நூம்பலுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மத்தியானம் முகாமுக்கு வேலைக்குப் போனேன்.