ஒரே பெயரில் மூன்று கோப்புகள்

நிறுவனம் திவாலாகி வழக்கும் முடிந்தபின், அங்கே வேலை பார்த்தவர்களின் ஈமெயில்கள் அத்தனையையும் நீதிமன்றம் பொதுவில் விட்டது. அவற்றோடு இணைந்திருந்த எக்செல் கோப்புகளைப் பிரித்தெடுத்து, எண் போட்டு, ஆய்வாளர்களுக்காகப் பத்திரப்படுத்த ஒரு பல்கலைக்கழகம் ஆள் தேடியது. அதே நிறுவனத்தின் பதிவறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர் கிடைத்தார். அவருக்கு அங்கே 'கமா' என்று பெயர். ஒரு கமா விட்டுப்போனாலும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் தங்கையும் அதே நிறுவனத்தில்தான், நான்காம் மாடியில் வேலை பார்த்தாள். புற்றுநோய் வந்து, பன்னிரண்டு சிகிச்சைக்கும் தனியாகவே போய்வந்து, போய்ச் சேர்ந்தாள். கூடப் பிறந்தவர் ஒருநாளாவது துணைக்கு வந்தாரா என்று கேட்டுவிட்டு அவள் மகள் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம். தன்னைக் கூப்பிடவே இல்லை என்பதுதான் கமா எல்லோரிடமும் சொன்ன பதில். அவரும் அதை நம்பினார்.

ஒருநாள் தங்கையின் ஈமெயிலிலிருந்து ஒரே பெயரில் மூன்று கோப்புகள் வந்தன. அவளே தனக்கு அனுப்பிக்கொண்டவை. உள்ளே பார்க்காமல் அவர் எதையும் தள்ளமாட்டார். பன்னிரண்டு தேதிகள், எல்லாம் செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் 'துணைக்கு' என்று தலைப்பிட்ட ஒரு பத்தி. முதல் கோப்பில் பன்னிரண்டு வரியிலும் 'அண்ணன்'. இரண்டாவதில் 'அண்ணன்?'. மூன்றாவதில் அந்தப் பத்தியே இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தணிக்கை நேரம். பதிவறை வாசலில் நின்று, செவ்வாய்க்கிழமைகளில் ஒழிவு உண்டா என்று கேட்டாள். மூச்சுவிட நேரமில்லை, ஏன் என்றார், தலை நிமிராமல். சும்மாதான் என்று போய்விட்டாள்.

சொந்த விஷயம் உள்ள கோப்பை நீக்கிவிட வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. நீக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. பழைய பதிலும் அப்படியே நிற்கும்.

தங்கை மகளுக்குப் போன் செய்து, மூன்றையும் வரி விடாமல் படித்துக் காட்டினார்.

"கேக்கத்தான் வந்தாம்மா. நான்தான் நிமிந்து பாக்கல."



"ஊசியப் பாத்தா உங்களுக்கு மயக்கம் வரும், அதான் கூப்பிடலன்னு அம்மா சொன்னாங்க, மாமா."

"அப்படியெல்லாம் எனக்கு ஒண்ணும் கிடையாதும்மா."

"தெரியும். அத எடுத்துடுங்க. நாலு பேர் பாக்க வேண்டாம்."

போனை வைத்துவிட்டாள்.

வீட்டாருக்கு ஒரு பிரதி தரலாம் என்று விதியில் இடமிருந்தது. அவள் கேட்கவில்லை. தனக்கென்று எடுத்துவைக்க அவருக்குக் கை வரவில்லை. மூன்றையும் நீக்கி, பட்டியலில் மூன்று எண்களுக்கு நேரே 'சொந்த விஷயம்' என்று எழுதினார். நீக்கியவர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினார்.